அயலூர் போகும் பேரப்பிள்ளைகளுக்கு எந்தப் பள்ளி?

விஜயதசமி அன்று குழந்தையை மடியில் அமர்த்தி, தாம்பாளத்தில் பரப்பிய பச்சரிசியில் அதன் விரலைப் பிடித்து முதல் எழுத்தை எழுதச் செய்வது நம் குடும்பங்களில் தாத்தாவின் உரிமை. கூத்தனூர் சரஸ்வதி சன்னதிக்கும், திருவஹீந்திரபுரம் ஹயக்ரீவர் சன்னதிக்கும் பேரப்பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்தையும் பேனாவையும் எடுத்துச் சென்று வைத்து வணங்கும் பெரியவர்கள் இன்றும் ஏராளம். இவ்வாறு எழுத்தறிவைத் தொடங்கி வைத்தவர்களின் சொல், குழந்தையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்ற பேச்சு எழும்போது வலுவிழந்துவிடுகிறது. மகனோ மகளோ வேலையின் பொருட்டு வெளிநாட்டுக்குக் குடிபெயரும் வேளையில், அந்தச் சொல்லுக்கு இடமே இல்லாமற் போய்விட்டதாகப் பலர் வருந்துகின்றனர்.

அந்த வருத்தத்தின் அடியில் இருப்பது அச்சம். அந்த ஊர்ப் பள்ளியில் சேர்த்துவிட்டால் குழந்தை அந்த ஊர்க் குழந்தையாகவே ஆகிவிடுமே, அடுத்த முறை வரும்போது நம்மோடு தமிழில் பேசுமா, கோயிலுக்கு அழைத்தால் வருமா என்னும் அச்சம். இது நியாயமானதே. ஆனால் அச்சத்தைக் கொண்டு மட்டும் பள்ளியைத் தேர்ந்தெடுக்க முயன்றால் முடிவு பிழைபட்டுவிடும். நாட்டுக்கு நாடு பள்ளி முறை வேறு. சேர்க்கை விதி வேறு. தாய்மொழிக்குக் கிடைக்கும் இடமும் வேறு. ஆகவே ஒரு நாட்டை எடுத்துக்கொண்டு ஆராய்வதே தெளிவு தரும். தமிழ்க் குடும்பங்கள் மிகுதியாகச் சென்று குடியேறும் சிங்கப்பூரையே எடுத்துக்கொள்ளலாம்.

மயிலாடுதுறையில் வாழும் ஒரு தம்பதியரின் மகன் பெங்களூருவில் பணியாற்றி வந்தார். அவருடைய நிறுவனம் அவரைச் சிங்கப்பூர் கிளைக்கு மாற்றியது. ஒப்பந்தம் இரண்டு ஆண்டுகளுக்கு. மகனுக்கு இரு குழந்தைகள். மூத்தவன் ஒன்பது வயதுப் பையன், பெங்களூருவில் சி.பி.எஸ்.இ. பள்ளியில் நான்காம் வகுப்பில் காலெடுத்து வைக்கும் நிலை. இளையவள் ஐந்து வயதுப் பெண். சிங்கப்பூர் புறப்படுமுன் குடும்பத்தார் ஒரு வாரம் மயிலாடுதுறையில் வந்து தங்கினர். அந்த வாரம் முழுவதும் வீட்டில் பள்ளிப் பேச்சுதான்.

"மாமா, இரண்டு வருஷத்தில் திரும்பி வந்துவிடப் போகிறோம். இவனுக்கு அங்கே ஒரு பாடத்திட்டம், இங்கே வந்தால் வேறொரு பாடத்திட்டம் என்றால் குழம்பிவிடுவான். அங்கேயே நம் ஊர்ப் பாடத்திட்டம் நடத்துகிற பள்ளிகள் இருக்கின்றனவாம்" என்றார் மருமகள்.

"அப்பா, ஒப்பந்தம் என்னவோ இரண்டு வருஷம்தான். ஆனால் அங்கே போனவர்களில் எத்தனை பேர் இரண்டு வருஷத்தில் திரும்பினார்கள்? அந்த ஊரில் வாழ்வதென்றால் அந்த ஊர்ப் பள்ளியில் படிப்பதுதானே முறை?" என்றார் மகன்.

தாத்தா இருவருக்கும் விடை சொல்லவில்லை. "எங்கே வேண்டுமானாலும் படிக்கட்டும். என்னிடம் தமிழில் பேசினால் போதும்" என்று மட்டும் சொன்னார்.

மூவர் சொன்னதிலும் உண்மை இருந்தது. மூன்றையும் ஒருங்கே எடைபோடுவதற்குச் சிங்கப்பூரின் பள்ளி முறையைச் சற்றே அறிந்துகொள்ள வேண்டும்.

அங்கே பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்கி நவம்பரில் முடிகிறது. குழந்தை ஏழு வயதை எட்டும் ஆண்டில்தான் தொடக்கநிலை ஒன்றாம் வகுப்பு. தொடக்கநிலை ஆறு ஆண்டுகள். அதன் முடிவில் நாடு தழுவிய பொதுத் தேர்வு ஒன்று. ஆங்கிலம், தாய்மொழி, கணிதம், அறிவியல் ஆகிய நான்கு பாடங்களில் அத்தேர்வு நடைபெறும். 2021 முதல் ஒவ்வொரு பாடத்துக்கும் ஒன்று முதல் எட்டு வரை தரநிலை அளிக்கப்படுகிறது. நான்கு பாடத் தரநிலைகளையும் கூட்டினால் வருவதே மாணவரின் மதிப்பெண். கூட்டுத்தொகை குறையக் குறையச் சிறப்பு. நான்கு என்பதே உச்சம். நம் ஊரில் மதிப்பெண் கூடுவதையே கொண்டாடிப் பழகிய பெரியவர்கள் "பேரன் ஒன்பதுதான் வாங்கினானாம்" என்று கேட்டுத் திகைக்க வேண்டியதில்லை. அது நல்ல மதிப்பெண்ணே.

வகுப்பு வயதைக் கொண்டு அமைவதால் பெங்களூருவிலோ சென்னையிலோ நான்காம் வகுப்பில் இருக்கும் குழந்தை அங்கே மூன்றாம் வகுப்பில் அமர நேரிடுவதும் உண்டு. "ஒரு வருஷம் வீணாகப் போயிற்றே" என்று தொலைபேசியில் அங்கலாய்க்கும் பெரியவர்கள் இதை அறிந்திருத்தல் நலம். குழந்தை பின்தங்கியதால் கீழே இறக்கப்பட்டது என்று அதற்குப் பொருளில்லை. அந்த நாட்டில் அந்த வயதுக்குரிய வகுப்பு அதுவே.

சேர்க்கையில்தான் பலருக்கும் அறியாமை மிகுதி. "வீட்டுக்கு எதிரில் இருக்கும் பள்ளியில் போய்ச் சேர்த்துவிட்டால் ஆயிற்று" என்று இங்கிருந்து சொல்வது எளிது. அங்கே அரசுப் பள்ளிகளில் குடிமக்களின் குழந்தைகளுக்கே முதலிடம், அடுத்து நிரந்தரவாசிகள். பள்ளிக்கு ஒரு கிலோமீட்டருக்குள் வீடு உள்ளவருக்கு முன்னுரிமை, இடம் போதாவிட்டால் குலுக்கல் என்னும் ஏற்பாடுகளெல்லாம் அவர்களுக்குள்ளேதான். வேலை அனுமதியில் வந்து தங்கும் வெளிநாட்டவரின் குழந்தைகளுக்கு ஒன்றாம் வகுப்பில் இடம் கேட்க வேண்டுமானால், முந்தைய ஆண்டின் நடுப்பகுதியில் கல்வி அமைச்சு அறிவிக்கும் சில நாள்களுக்குள் இணையவழியில் விருப்பம் தெரிவிக்க வேண்டும். மற்றவர்கள் சேர்ந்த பிறகு எஞ்சும் இடங்களே அவர்களுக்கு உரியவை. அந்த நாள்களைத் தவறவிட்டால் அவ்வாண்டுக்கான வாய்ப்பும் தவறிவிடும்.

இரண்டாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலும், உயர்நிலை முதல் மூன்று ஆண்டுகளிலும் சேர விரும்பும் வெளிநாட்டுக் குழந்தைகளுக்கு ஒரு பொது நுழைவுத் தேர்வு உண்டு. செப்டம்பர் அல்லது அக்டோபர் மாதத்தில் ஆங்கிலத்திலும் கணிதத்திலும் அது நடைபெறும். தேறியவர்களுக்கு அடுத்த ஜனவரியில் எங்கே இடம் காலியாக இருக்கிறதோ அங்கே அமைச்சே பள்ளியை ஒதுக்கும். ஆறாம் வகுப்புக்கு இவ்வழியில் சேர்க்கை கிடையாது. பதினோரு, பன்னிரண்டு வயதுக் குழந்தையோடு புறப்படும் பெற்றோர் பயணச்சீட்டு வாங்குவதற்கு முன்பே இதைக் கவனிக்க வேண்டும்.

கட்டணமும் ஒரே அளவானதன்று. குடிமக்களின் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்விக்குப் பள்ளிக் கட்டணம் இல்லை; சிறிதளவு இதரக் கட்டணம் மட்டுமே. நிரந்தரவாசிகள் மாதந்தோறும் கட்டணம் செலுத்த வேண்டும். ஆசியான் நாடுகளிலிருந்து வருவோருக்கு அதைவிடக் கூடுதல். இந்தியா உள்ளிட்ட மற்ற நாட்டவருக்கு அதற்கும் மேல். "அரசுப் பள்ளிதானே, இலவசமாக இருக்கும்" என்று எண்ணிச் செல்வோர் அங்கே போனபின் கணக்கைத் திருத்த வேண்டியதாகிறது. தனியார் பன்னாட்டுப் பள்ளிகளில் கட்டணம் பொதுவாக அதையும் விஞ்சும். நிறுவனம் அச்செலவை ஏற்கிறதா, ஏற்குமெனில் எத்தனை ஆண்டுகளுக்கு, எத்தனை குழந்தைகளுக்கு என்பதை நியமன ஆணையில் எழுத்தில் பெற்றுக்கொள்வது அறிவுடைமை. வாய்ச்சொல் ஆண்டு இறுதியில் நினைவிலிருக்காது.

இத்தனையையும் தெரிந்துகொண்ட பிறகு, மயிலாடுதுறை வீட்டில் விவாதம் தாத்தா சொன்ன ஒரு வாக்கியத்தின் மீது வந்து நின்றது. தமிழ்.

இங்கேதான் பல பெரியவர்களின் எண்ணம் தலைகீழாக இருக்கிறது. நம் ஊர்ப் பாடத்திட்டப் பள்ளியில் சேர்த்தால் நம் மொழி காப்பாற்றப்படும், அந்த ஊர்ப் பள்ளியில் சேர்த்தால் போய்விடும் என்று அவர்கள் நினைக்கின்றனர். சிங்கப்பூரில் தமிழ், அரசின் நான்கு அதிகாரத்துவ மொழிகளுள் ஒன்று. அங்குள்ள பள்ளிகளில் ஆங்கிலம் பயிற்று மொழி; அதனோடு சீனம், மலாய், தமிழ் ஆகியவற்றுள் ஒன்றைத் தாய்மொழிப் பாடமாகக் கற்க வேண்டும். முழுவதும் தமிழிலேயே பாடம் நடத்திய பள்ளிகளுள் எஞ்சியிருந்த உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளி 1982-இல் மூடப்பட்டது உண்மையே. ஆயினும் தமிழ்ப் பாடம் நிற்கவில்லை. ஆறாம் வகுப்புப் பொதுத் தேர்வில் கணிதத்துக்கு நிகராகத் தமிழுக்கும் தரநிலை உண்டு. தமிழ் படிக்கும் மாணவர் குறைவாக உள்ள சில பள்ளிகளில் வகுப்பு நடைபெறாது. அக்குழந்தைகள் பள்ளி நேரம் முடிந்து வேறொரு மையத்துக்குச் சென்று கற்க வேண்டியிருக்கும். உமறுப்புலவரின் பெயரிலேயே அத்தகைய தமிழ்மொழி நிலையம் ஒன்று இன்றும் உள்ளது.

இதற்கு மாறாக, பெங்களூருவில் நான்காண்டு படித்த அந்தப் பேரனின் நிலை என்ன? ஆங்கிலத்தோடு கன்னடமும் இந்தியும் பயின்றான். தமிழ் பேசுவான், ஆனால் மாயூரநாதர் கோயில் வாசலில் எழுதியிருக்கும் பெயரை அவனால் படிக்க முடியாது. கடல் கடப்பதற்கு முன்பே, காவேரிக் கரையில் நின்றபோதே, அவன் தமிழ் எழுத்தை அறியாதவனாக இருந்தான். அதைப் பாட்டிதான் முதலில் கண்டுகொண்டார். பிரசாதப் பொட்டலத்தில் சுற்றி வந்த நாளிதழ்த் துண்டைக் கொடுத்து, "இதில் என்ன போட்டிருக்கிறது, படி" என்றார். பையன் சிரித்துக்கொண்டே "பாட்டி, நீங்களே படியுங்கள்" என்று திருப்பித் தந்துவிட்டான்.

இடையில் வந்து சேரும் குழந்தைக்குத் தாய்மொழிப் பாடத்திலிருந்து விலக்குக் கோரும் வழியும் அங்கே உண்டு. தமிழே எழுதப் படிக்கத் தெரியாத பையனுக்கு அது நல்லதுதானே என்று மகனுக்குத் தோன்றியது. மதிப்பெண்ணை மட்டும் பார்த்தால் அவர் நினைத்தது சரியே. தாத்தா அன்று கோபப்படவில்லை. "விலக்கு வேண்டாமென்று நான் கட்டாயப்படுத்தமாட்டேன். எழுத்தை நான் சொல்லிக்கொடுக்கிறேன். ஆறு மாதம் கழித்து அவனுக்கே கடினமாக இருந்தால் விட்டுவிடலாம்" என்றார். ஒரு பெரியவர் தம் உரிமையைத் தாமே பொறுப்பாக மாற்றிக்கொண்ட இடம் அது. மருமகளின் கவலை பாதி குறைந்தது அந்தச் சொல்லில்தான்.

பிறகு நடந்தது எவரும் திட்டமிட்டபடி அமையவில்லை. மே மாதம் குடும்பம் சிங்கப்பூர் சென்று சேர்ந்தது. அங்கே அது பள்ளி ஆண்டின் நடுப்பகுதி. ஆகவே பையனை உடனடியாக இந்தியப் பாடத்திட்டப் பள்ளி ஒன்றில் சேர்த்தனர். இலையுதிர் காலம் இல்லாத அந்த ஊரில் செப்டம்பரும் வந்தது. நுழைவுத் தேர்வு எழுதினான். கணிதம் எளிதாக இருந்ததாகச் சொன்னான், ஆங்கிலம் அப்படியில்லை. இடம் கிடைக்கவில்லை. தங்கைக்கோ, உரிய காலத்தில் விருப்பம் தெரிவித்திருந்ததால், அடுத்த சேர்க்கையில் ஒன்றாம் வகுப்பில் உள்ளூர்ப் பள்ளியில் இடம் கிடைத்தது. வீட்டருகே உள்ள பள்ளியில் அன்று. சில பேருந்து நிறுத்தங்கள் தள்ளி.

ஒரே வீட்டில் இரண்டு சீருடை, இரண்டு நாள்காட்டி. அண்ணனுக்கு விடுமுறை நாளில் தங்கைக்குப் பள்ளி. பாட்டிக்கு இது பெருங்குறையாகத் தோன்றியது. "ஒரு வயிற்றுப் பிள்ளைகள் ஒரு பள்ளியில் படிக்கக் கூடாதா? மறுபடியும் தேர்வு எழுதச் சொல்" என்று மகனிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். மகனும் மருமகளும் அமர்ந்து யோசித்தனர். பையன் பள்ளியில் நண்பர்களைச் சேர்த்திருந்தான். பாடம் அவனுக்குப் பிடித்திருந்தது. மறு ஆண்டு தேறி உள்ளே சென்றாலும் வெகு விரைவில் ஆறாம் வகுப்புப் பொதுத் தேர்வு வந்து நிற்கும். ஐந்தாம், ஆறாம் வகுப்புகளில் அங்குள்ள வீடுகள் எல்லாம் தேர்வு வீடுகள். தனிப்பயிற்சி இல்லாத குழந்தை அரிது. ஒன்பது வயதில் நாடு மாறிய பையன்மீது அச்சுமையை ஏற்றுவதா? ஊர் திரும்பும் நாள் வந்தால் மேல் வகுப்புகளில் அவனுக்கே இடையூறு அதிகம். தங்கையோ முதல் வகுப்பிலிருந்தே அந்த முறையில் வளர்பவள். எந்த நாட்டுக்கு மாறினாலும் ஈடுகொடுக்கும் வயது. ஆகவே இருவரையும் அவரவர் பள்ளியிலேயே விடுவதென முடிவு செய்தனர்.

பள்ளித் தேர்வில் பெரியவர்கள் மனத்தில் கொள்ள வேண்டிய கருத்து இதுவே. "எந்தப் பள்ளி சிறந்தது?" என்ற கேள்விக்கு விடை கிடையாது. "இந்தக் குழந்தைக்கு, இந்த வயதில், இத்தனை ஆண்டுகளுக்கு எது பொருந்தும்?" என்று கேட்டால்தான் விடை கிடைக்கும். நெடுங்காலம் தங்கப் போகும் சிறு குழந்தைக்கு உள்ளூர்ப் பள்ளி வேர் பிடிக்கும் இடம். அக்கம்பக்கத்துச் சீனக் குழந்தையும் மலாய்க் குழந்தையும் அதன் தோழர்கள் ஆவர். ஜூலை 21 அன்று பள்ளிகளில் இன நல்லிணக்க நாள் அனுசரிக்கப்படும்போது, பாட்டி தைத்து அனுப்பிய பட்டுப் பாவாடையை உடுத்திக்கொண்டு அது பெருமையுடன் செல்லும். மேல் வகுப்பில், குறுகிய காலத்துக்குச் செல்லும் பிள்ளைக்கு, திரும்பி வரும் வழி அடைபடாமல் இருப்பதே முதன்மை. தமிழ்நாட்டுக்கே திரும்பும் எண்ணமிருந்தால், 2006-ஆம் ஆண்டுத் தமிழ் கற்கும் சட்டத்தின்படி இங்குள்ள பள்ளிகளில் தமிழ் கட்டாயப் பாடம் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். அங்கே தமிழை விட்ட குழந்தை இங்கே வந்து முதலிலிருந்து தொடங்க நேரிடலாம்.

நிரந்தரவாசத்துக்கு விண்ணப்பிப்பதைப் பற்றியும் ஒரு சொல். "அதை வாங்கிவிட்டால் பள்ளிச் சேர்க்கையும் எளிது, கட்டணமும் குறைவு" என்று உறவினர் பலர் அறிவுரை கூறுவர். அது உண்மையே. ஆனால் பெற்றோரின் விண்ணப்பத்தின் வழியாக நிரந்தரவாசம் பெறும் ஆண் பிள்ளைகள் 18 வயதை எட்டியதும் இரண்டாண்டு முழுநேரத் தேசிய சேவை ஆற்றக் கடமைப்பட்டவர்கள். அது இழிவானதன்று, அந்நாட்டு இளைஞர் அனைவரும் ஏற்கும் கடமை. எனினும் பேரனின் எட்டு வயதில் பள்ளிக் கட்டணத்துக்காக எடுக்கும் முடிவு, அவனுடைய பதினெட்டு வயதையும் தொடுகிறது என்பதை அறிந்தே எடுக்க வேண்டும்.

வழிபாடு, உணவு, பழக்கவழக்கம் ஆகியவற்றைக் குறித்தும் பெரியவர்களுக்குக் கவலை உண்டு. அரசுப் பள்ளிகளில் எந்தச் சமயமும் போதிக்கப்படுவதில்லை. கிறிஸ்தவ அமைப்புகள் நிறுவிய அரசு உதவிபெறும் பள்ளிகளும் அங்கே உண்டு. நம் ஊரில் அத்தகைய பள்ளிகளில் படித்து, மாலையில் கோயிலுக்குச் சென்று வளர்ந்த தலைமுறைக்கு அது புதிதன்று. சிற்றுண்டிச் சாலையில் சைவ உணவு கிடைக்குமா, நெற்றியில் விபூதியோ குங்குமமோ, மணிக்கட்டில் கயிறோ அணிந்து வரலாமா என்பனவற்றைச் சேர்க்கைக்கு முன்பே பள்ளியிடம் பணிவாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். விதியை அறியாமல் அனுப்பி, முதல் நாளே குழந்தை அனைவர் முன்னிலையிலும் கூச்சப்பட நேர்வதுதான் தவிர்க்க வேண்டியது. கோயிலுக்கு அங்கே குறைவில்லை. சவுத் பிரிட்ஜ் சாலையில் 1827-இல் தோன்றிய மாரியம்மன் கோயிலும், டேங்க் ரோட்டில் 1859-இல் நகரத்தார் எழுப்பிய தண்டாயுதபாணி கோயிலும் இன்றளவும் நித்திய பூஜையோடு விளங்குகின்றன. தீபாவளி அங்கே அரசு விடுமுறை. பொங்கலுக்கும் தைப்பூசத்துக்கும் விடுமுறை இல்லை. பள்ளி திறந்த முதல் வாரங்களில் வரும் பொங்கலன்று பேத்தி சர்க்கரைப் பொங்கலை உண்டுவிட்டு வகுப்புக்குச் செல்வாள்.

இதனால் விடுமுறைக் கணக்கும் மாறுகிறது. சித்திரைத் திருவிழாவுக்குப் பேரப்பிள்ளைகள் வருவார்கள் என்று காத்திருக்க இயலாது. உள்ளூர்ப் பள்ளியில் படிக்கும் குழந்தைக்கு ஜூன் மாதத்தில் நான்கு வாரமும், நவம்பர் பிற்பகுதியிலிருந்து டிசம்பர் முடிய ஆறு வாரமும் நீண்ட விடுமுறைகள். கார்த்திகை தீபத்தையும் மார்கழித் திருப்பள்ளியெழுச்சியையும் பாட்டியின் வீட்டில் காணும் வாய்ப்பு அப்போது அமையலாம். மொட்டை அடித்தல், காது குத்துதல், குலதெய்வ வழிபாடு போன்றவற்றுக்கு நாள் குறிக்கும்போது இந்நாள்காட்டியை அருகில் வைத்துக்கொண்டால் மனத்தாங்கல் எழாது.

பெரியவர்களால் இங்கிருந்தே செய்யக்கூடிய உதவிகள் சில உண்டு. குழந்தையின் தடுப்பூசி அட்டை பெரும்பாலும் தாத்தா வீட்டுப் பீரோவில்தான் இருக்கும். வெளிநாட்டில் பிறந்த சிறு குழந்தைகள் தட்டம்மை, தொண்டை அடைப்பான் தடுப்பூசிகள் போட்டுக்கொண்டதற்குச் சான்று காட்ட வேண்டும் என்பது சிங்கப்பூரின் விதி. அட்டையைத் தேடி எடுத்துக் கொடுப்பது ஒரு நல்ல தொடக்கம். அடுத்தது பெயர். பிறப்புச் சான்றிதழில் தலைப்பெழுத்து, கடவுச்சீட்டில் தந்தையின் முழுப் பெயர், பள்ளி மாற்றுச் சான்றிதழில் வேறோர் எழுத்துக்கூட்டல் என்று மூன்று ஆவணங்களில் மூன்று விதமாக இருப்பது தமிழ்க் குடும்பங்களில் அன்றாடக் காட்சி. அயல்நாட்டு அலுவலருக்கு அவை மூன்று வெவ்வேறு குழந்தைகளின் பெயர்களாகத் தோன்றலாம். ஊரில் இருக்கும்போதே நகராட்சி அலுவலகத்துக்கு இருமுறை நடந்து அதைச் சரிசெய்து கொடுப்பது, நூறு அறிவுரைகளைவிடப் பயனுள்ளது.

தவிர்க்க வேண்டியவையும் உண்டு. "அடுத்த தெருக்காரர் பேரன் அமெரிக்காவில் இப்படிப் படிக்கிறான்" என்ற ஒப்பீடு மருமகளை வருத்துவதைத் தவிர வேறெதையும் செய்யாது. முடிவெடுத்த பின்னும் "அப்போதே சொன்னேன்" என்பதும் அவ்வாறே. அங்கே வகுப்பறையைக் காண்பவர்கள் பெற்றோர்; குழந்தையின் முகத்தை மாலையில் பார்ப்பவர்களும் அவர்களே. தீர்ப்பு அவர்களுடையதாக இருப்பதே தர்மம்.

மொழியும் பண்பும் பள்ளியால் மட்டும் நிலைப்பதில்லை. தமிழ்ப் பாடம் இருந்தும், அங்குள்ள தமிழ்ப் பிள்ளைகள் தமக்குள் ஆங்கிலத்திலேயே பேசிக்கொள்வதைக் கல்வித் துறையினரே உணர்ந்துள்ளனர். தமிழ்ப் பாடத்திட்டத்தை ஆராய்ந்த குழு 2005-இல், எழுத்துத் தமிழோடு வீட்டில் பேசும் நல்ல பேச்சுத் தமிழையும் வகுப்பில் பழக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. பேசுவதற்கு ஆள் இல்லாத மொழி தேர்வுத் தாளோடு நின்றுவிடும் என்பதே அதன் உட்பொருள். பேசுவதற்கு ஆள் வேண்டும். அந்த ஆள் தாத்தாவும் பாட்டியும்தான்.

மயிலாடுதுறைத் தாத்தா சனிக்கிழமைதோறும் காலை எட்டரை மணிக்குக் கைபேசியை எதிரில் வைத்துக்கொண்டு அமர்வார். சிங்கப்பூரில் அப்போது பதினொரு மணி. முதல் மாதங்களில் உயிரெழுத்தும் மெய்யெழுத்தும். பிறகு இரண்டெழுத்துச் சொற்கள். பேரன் பல நாள் சலித்துக்கொண்டான். சில சனிக்கிழமைகளில் வரவே மறுத்தான். தாத்தா அழைப்பை நிறுத்தவில்லை, வற்புறுத்தவும் இல்லை. வராத நாளில் தங்கை வந்து அமர்ந்து, தன் பள்ளியில் தமிழாசிரியை சொன்ன கதையைத் தாத்தாவுக்குச் சொல்வாள். அதைக் கேட்கும் ஆவலில் அண்ணனும் பக்கத்தில் வந்து நிற்பான். இன்று அவன் ஒரு பக்கத்தை எழுத்துக் கூட்டிப் படிக்கிறான். ழகரம் இன்னும் வரவில்லை. அவன் எந்தப் பள்ளியில் படிக்கிறான் என்பதைப் பற்றி அந்த வீட்டில் இப்போது எவரும் பேசுவதில்லை.

பிள்ளைகள் குடிபெயரும் வீடுகளில் பெரியவர்கள் இந்த ஒரு பழக்கத்தைக் கைக்கொள்ளலாம். தொலைபேசியில் பேரப்பிள்ளை வந்ததும் "எத்தனை மார்க் வாங்கினாய்?" என்பதை முதற்கேள்வியாக வைக்காமல், "இன்று யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டாய்? என்ன விளையாடினாய்?" என்று நல்ல தமிழில் கேட்க வேண்டும். விடை பாதி ஆங்கிலத்தில் வந்தாலும் திருத்தாமல் கேட்டுக்கொள்ள வேண்டும். நாளடைவில் தமிழ்ச் சொற்கள் கூடும். தான் சொல்வதைக் கேட்க ஊரில் இருவர் காத்திருக்கிறார்கள் என்று அறிந்த குழந்தை, எந்த நாட்டுப் பள்ளியில் படித்தாலும் அவர்களைத் தேடி வரும்.